இலக்கம் அறுபத்து நான்கு

முதலில் மணந்தது எனக்குத்தான்.
இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்,
அங்கே சொல்லவில்லை.

வுப்பெர்டால் நகரில்
வெளிநாட்டவர் அலுவலகத்தின் மூன்றாம் மாடி.
நவம்பர். ஒரு செவ்வாய்க்கிழமை.
கதிரைகளைத் தரையோடு முடுக்கியிருந்தார்கள்;
எவரும் எவர் பக்கமும் திருப்பிப் போட முடியாது.
சுவரில் சிவப்பாய் எரியும் எண் 61.
என் உள்ளங்கையில் வியர்த்துச் சுருண்ட சீட்டு 64.

சோறு அடிப்பிடிப்பதுபோல முதலில்,
பிறகு இறப்பர் கருகுவதுபோல.
நிமிர்ந்தேன்.
எதிரே கம்பளித் தொப்பிக்காரர்
படிவத்தில் தன் பெயரின் எழுத்துகளை
ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டிருந்தார்.
மஞ்சள் சால்வைக்காரி மகனுக்குத் தோடம்பழம் உரித்தாள்.
ஒருவர் முகமும் சுளிக்கவில்லை.
சரி, என் மூக்குத்தான் பிழை என்று குனிந்துகொண்டேன்.

நான் நிமிர்ந்ததையும் குனிந்ததையும் பார்த்து
எத்தனை பேர் குனிந்தார்களோ.

இருபத்திரண்டு பேர்.
ஆளுக்காள் எட்டிப் பார்த்து எழுதிய பரீட்சை.
எல்லாத் தாளும் வெறுந்தாள்.

கீழே எங்கோ மணி ஒன்று
விட்டுவிட்டு அலறத் தொடங்கியது.
இப்போது எல்லோரும் சுவரைப் பார்த்தோம்.
61 அணைந்தது. 62 எரிந்தது.
அப்பாடா.
எரிகிற கட்டடத்தில் எண் மாறுமா?
62 எழுந்தாள், கோட்டை நீவிவிட்டாள்,
முந்நூற்றுப் பன்னிரண்டாம் அறைக்குள் போய்க்
கதவைச் சாத்திக்கொண்டாள்.

விறாந்தைக் கதவின் அடியிலிருந்து
சாம்பல் நிறத்தில் ஒரு நூல் நீண்டது.
மஞ்சள் சால்வைக்காரி ஒன்றும் சொல்லாமல்
பிள்ளையின் மூக்கை மூடினாள்.
நானும் மூடினேன்.
இரண்டு பேர் மரியாதையாக இருமினார்கள்.

ஊரில் கிபிர் இரைந்தால்
எவர் முகத்தையும் பாராமல்
பங்கருக்குள் பாய்ந்த கால்கள் இவை.
இங்கே ஏழு மாதம் காத்துக் கிடைத்த தவணை;
ஓடிப்போய், ஒன்றுமில்லை என்றால்
ஓடினவள் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.
இன்னும் இரண்டு எண்கள்தான்.

அப்போதுதான் ஜன்னலோரத்துத் தோல்ஜாக்கெட் எழுந்தது.
அவசரமே இல்லாத நடை. படிக்கட்டுப் பக்கம்.
அவர் பின்னால் தொப்பிக்காரர்,
தொப்பிக்காரர் பின்னால் நான்;
எனக்குப் பின்னால் கதிரைகள் படபடவென மடிந்த சத்தம்
இன்னும் காதில் இருக்கிறது.
படியில் எவரும் கதைக்கவில்லை.
எவ்வளவு தெளிவான மனிதர் என்று
அவர் முதுகைப் பார்த்தபடி இறங்கினேன்.

வாசலில் மழை.
அவர் சிகரெட்டை வாயில் வைத்துத்
தீப்பெட்டியைத் தேடித் திரும்பினார்.
இருபது பேரைக் கண்டு திடுக்கிட்டார்.
காதுக்குள்ளிருந்து பாட்டைக் கழற்றி,
"என்ன? என்ன நடந்தது?"
கட்டைத் தொண்டை. ஒரு வாரமாய்த் தடிமனாம்.
மூக்கு அடைத்தே கிடக்கிறதாம்.

தீயணைப்பு வண்டி வந்தது.
சிப்பந்திகளின் சமையல் மூலையில்
கேத்தலின் வயர் உருகியிருந்தது, அவ்வளவுதான்.
ஆற்றின் மேல் தொங்கிப் போன ரயிலிலிருந்து
முகங்கள் எங்களைக் குனிந்து பார்த்தன.
"எனக்கு அப்போதே மணந்தது" என்றார் தொப்பிக்காரர்.
எனக்கும் என்றாள் மஞ்சள் சால்வைக்காரி.
எனக்கும். எனக்கும்.
எத்தனை நாட்டு ஜெர்மனில் ஒரே வாக்கியம்.
நானும் சொன்னேன், ஏழாவதாகவோ எட்டாவதாகவோ.

கடைசியாக இறங்கி வந்தவர்கள்
அதிகாரி ஹோல்ட்காம்ப் அம்மாவும் 62உம்.
இருவர் கண்ணும் சிவந்திருந்தன.
"ஒத்திகை மணி என்று நினைத்தேன்.
ஏன் ஒருவர்கூட என் கதவைத் தட்டவில்லை?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

பிறகு, யாரும் சொல்லாமலே,
சீட்டு எண் வரிசையில் நின்றோம், மழைக்குள்.
முன்னால் ஒருவர் மீர்ஸெட்டின் கையைப் பற்றிக் குலுக்கினார்:
"நீங்கள் எழும்பியிராவிட்டால்..."
புகைக்கத்தான் வந்தேன் என்றார் மீர்ஸெட்.
இரண்டாவது கைக்கும் அதையே சொன்னார்,
கொஞ்சம் மெதுவாக.
நான் மூன்றாவது.
என் கையைப் பிடித்தபடி
கண்ணை ஒருகணம் மூடித் தலையசைத்தார்.

அதற்குள் அவருக்கும்
மணந்திருக்க வேண்டும்.